பாலும் மாவும் படாத லெமன் கர்ட்

லெமன் கர்ட் செய்யப் போகிறேன் என்று சொன்னதும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "தயிருக்கு எதுக்கும்மா எலுமிச்சம்பழம், அதுவே புளிக்குமே?" கேட்டதில் தப்பே இல்லை. பெயரை வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்தில் இதையே லெமன் சீஸ் என்றும் சொல்வார்கள், அதில் சீஸும் கிடையாது, தயிரும் கிடையாது. எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, முட்டை, வெண்ணெய், கொஞ்சம் தோல் துருவல், அவ்வளவுதான். ஜாம் மாதிரி ரொட்டியில் தடவலாம், கேக்குக்கு நடுவில் வைக்கலாம், யாரும் பார்க்காதபோது ஸ்பூனால் அப்படியே சாப்பிடலாம்.

எனக்கு இது தேவைப்பட்டது மகள் பிறந்தநாளுக்கு. நாங்கள் இருப்பது இங்கிலாந்தில். அவள் வகுப்பில் ஒரு குழந்தைக்கு சீலியாக் நோய், கோதுமை துளி பட்டாலும் ஆகாது. இன்னொரு குழந்தைக்குப் பால் அலர்ஜி. இரண்டு பேரையும் ஓரமாக உட்கார வைத்துத் தனி டப்பாவில் எதையாவது கொடுப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை, எல்லோரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். நாலு தடவை செய்து, இரண்டு தடவை சொதப்பி, இப்போது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்கு வந்துவிட்டது.

முதலில் குளூட்டன் (கோதுமை போன்ற தானியங்களில் இருக்கிற புரதம், சீலியாக் உள்ளவர்களுக்கு ஆகாதது அதுதான்) விஷயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் அது இங்கே பெரிய பிரச்சினையே இல்லை. வீட்டில் முறையாகச் செய்கிற லெமன் கர்டில் மாவே சேராது. கெட்டியாக்குவது முட்டை. கடையில் விலை மலிவாகக் கிடைக்கிற பாட்டில்களில்தான் முட்டையைக் குறைத்து ஸ்டார்ச் போட்டிருப்பார்கள், அதுவும் பெரும்பாலும் சோள ஸ்டார்ச்தான், ஆனாலும் லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். இங்கே பிரிட்டனில் 14 வகை அலர்ஜிப் பொருட்களை லேபிளில் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுப்பாகக் காட்ட வேண்டும் என்று சட்டம் இருப்பதால் கண்டுபிடிப்பது சுலபம். கோதுமை உள்ளே வருவது வேறு வழியில்: பக்கத்தில் சப்பாத்தி மாவு பிசைந்த மேடை, ரொட்டித் தூள் ஒட்டிய ஸ்பூன், அல்லது யாரோ ஒருவர் டோஸ்டில் தடவிய கத்தியை மறுபடி பாட்டிலுக்குள் விடுவது. சீலியாக் உள்ளவர்களுக்குச் செய்கிறீர்கள் என்றால் மேடையைத் துடைத்துவிட்டு, பாட்டிலையும் அவர்களுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். ஊரில் இருக்கிறவர்கள் கெட்டிப்படுத்த மாவு எதையாவது சேர்க்க நினைத்தால் மில்லில் அரைத்ததைத் தொட வேண்டாம், நமக்கு முன்னால் அதே மிஷினில் யார் கோதுமை அரைத்தார்கள் என்று தெரியாது.

பால் பக்கம் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. வெண்ணெய்க்குப் பதில் நெய் போட்டால் என்ன என்று நிறைய பேர் கேட்கிறார்கள். கூடாது. நெய் காய்ச்சும்போது பால் புரதம் பெரும்பாலும் கசடாக அடியில் தங்கிவிடும் என்பது சரிதான், ஆனாலும் துளி மிச்சம் இருக்கும், அலர்ஜிக்கு அந்தத் துளி போதும். லாக்டோஸ், அதாவது பாலில் இருக்கிற சர்க்கரை, இல்லாத வெண்ணெய் என்று விற்பதும் இதே கதைதான்: லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது சரி, பால் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இல்லை. மார்ஜரினிலும் சிலதில் மோர்ப் பொடி, பால் பொடி எல்லாம் சேர்த்திருப்பார்கள். அப்புறம் முட்டை பால் பொருள் இல்லை. பால் பூத்தில் முட்டையும் விற்கிறார்கள் என்பதால் சிலருக்குக் குழப்பம் வருகிறது.

சரி, வெண்ணெயை எடுத்துவிட்டால் கர்ட் கெட்டியாகுமா என்றுதான் எனக்கும் முதலில் பயம். ஆகும். வெண்ணெயின் வேலை வாயில் வழுவழுப்பைக் கொடுப்பது, புளிப்பைக் கொஞ்சம் தணிப்பது, ஃப்ரிட்ஜில் வைத்தபின் இன்னும் கொஞ்சம் இறுக வைப்பது. குளிரில் இறுகுகிற எந்த நல்ல கொழுப்பும் இதைச் செய்யும். பிரிட்டனில் கர்ட் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் சட்டம் கேட்பதுகூட "உண்ணத் தகுந்த கொழுப்பு அல்லது எண்ணெய்", அதுவும் குறைந்தது 4 சதவீதம், அவ்வளவுதான். வெண்ணெய் என்று எங்கும் வற்புறுத்தவில்லை. ஆகவே நாம் செய்வது போலி கர்ட் என்று யாராவது மூக்கைச் சுளித்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

என் தேர்வு தேங்காய் எண்ணெய், ஆனால் எந்தத் தேங்காய் எண்ணெய் என்பதில் இருக்கிறது விஷயம். முதல் தடவை ஊரிலிருந்து வந்த செக்கு எண்ணெயைப் போட்டேன். எனக்குப் பிடித்தது. கணவர் ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, "தலைக்கு எண்ணெய் வெச்ச மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னபிறகு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, அதற்கு மேல் அந்த பாட்டிலை யாரும் தொடவில்லை. வாசனை நீக்கிய, ரீஃபைண்ட் தேங்காய் எண்ணெய் வாங்குங்கள், எலுமிச்சை மட்டும் மணக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. 75 கிராம் வெண்ணெய் சொல்லியிருந்தால் 60 கிராம் எண்ணெய் போதும், அளவு மாறாமல் போட்டால் ஃப்ரிட்ஜில் மெழுகு மாதிரி இறுகி, கத்தியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பாலே சேராத வீகன் வெண்ணெய்க் கட்டி கிடைக்கிற இடத்தில் இருந்தால் அதை 75 கிராம் போடலாம், ருசி அசலுக்கு இன்னும் பக்கத்தில் வரும். டப்பாவில் வருகிற மெத்தென்ற ஸ்ப்ரெட் வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம். ஆலிவ் எண்ணெயும் போடலாம், காரமில்லாத மைல்டான வகையாக இருந்தால் நன்றாகவே இருக்கும், ஆனால் குளிரில் இறுகாது, கர்ட் கொஞ்சம் தளர்வாக நிற்கும்.

இப்போது பழம். இங்கே லெமன் என்பது ஸ்பெயினிலிருந்து வருகிற பெரிய, தடித்த தோல் உள்ள பழம். நம் ஊர் எலுமிச்சை வேறு, சின்னது, தோல் காகிதம் மாதிரி மெல்லியது, மணமும் லைம் பக்கம் சாயும். இரண்டிலும் கர்ட் செய்யலாம். பெரிய லெமன் என்றால் 3 பழத்தில் 120 மில்லி சாறு கிடைத்துவிடும். நம் ஊர்ப் பழம் என்றால் 7 அல்லது 8 தேவைப்படும். வாங்கும்போது கையில் கனமாக இருக்கிறதா என்று பாருங்கள், தோல் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெளிநாட்டுக் கடைகளில் அந்தப் பளபளப்பு பல சமயம் மேலே பூசின மெழுகு, சிலதில் அரக்குகூட உண்டு. தோலைத் துருவப் போகிறோம் என்பதால் மெழுகு பூசாதது என்று போட்டிருப்பதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்துக்கொள்ளலாம்.

பாத்திரம். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். அலுமினியம், இரும்பு, பித்தளை, செம்பு எதுவும் கூடாது. புளிப்பு அதில் பட்டால் கர்டில் நாணயத்தை நக்கின மாதிரி ஒரு ருசி ஏறிவிடும், நிறமும் மங்கும். நான் இரண்டாவது தடவை சொதப்பியது இப்படித்தான், பழைய அலுமினியச் சட்டியில். எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணம் எடுங்கள், கிளறுவதற்கு மரக் கரண்டி அல்லது சிலிகான் கரண்டி.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். சாறு 120 மில்லி, 2 பழத்தின் தோல் துருவல், சர்க்கரை 150 கிராம், முழு முட்டை 2, அதோடு மஞ்சள் கரு மட்டும் 2, ரீஃபைண்ட் தேங்காய் எண்ணெய் 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. பெரிய ஜாம் பாட்டில் ஒன்று ஏறக்குறைய நிறையும். நம் ஊர் எலுமிச்சையில் செய்தால் சர்க்கரையை 170 கிராம் ஆக்குங்கள், அந்தப் புளிப்பு காதைத் திருகும். தோல் மட்டும் 3 பழத்துக்கு மேல் வேண்டாம், மெல்லிய தோலில் துருவி கொஞ்சம் அழுத்தினாலும் கசக்கிற வெள்ளைப் பகுதி வந்துவிடுகிறது. சர்க்கரையை இஷ்டத்துக்குக் குறைக்காதீர்கள். இனிப்புக்கு மட்டும் அது இல்லை, முட்டை அவசரப்பட்டு திரளாமல் தடுப்பதும் அதுதான்.

பழத்தைப் பிழிவதற்கு முன்னால் துருவ வேண்டும், பிழிந்த மூடியைத் துருவுவது நரக வேதனை. துருவலைச் சர்க்கரையில் போட்டு விரலால் ஒரு நிமிடம் நன்றாகப் பிசறுங்கள். சர்க்கரை ஈர மணல் மாதிரி ஆகி, சமையலறை முழுக்க மணக்கும். மணம் எல்லாம் தோலில் இருக்கிற எண்ணெயில்தான், சாறு கொடுப்பது புளிப்பை மட்டும்தான். அதனால் இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். பிறகு முட்டையும் மஞ்சள் கருவும் உப்பும் போட்டு, சேர்ந்து வரும் வரை அடியுங்கள். முட்டையைச் சர்க்கரை மேல் உடைத்து ஊற்றிவிட்டுப் போன் பேசப் போய்விடாதீர்கள், சர்க்கரை மஞ்சள் கருவிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, பின்னால் எவ்வளவு அடித்தாலும் கரையாத சின்னச் சின்னக் கட்டிகள் ஆகிவிடும். நுரை பொங்க அடிக்கவும் தேவையில்லை. கடைசியில் வடிகட்டிய சாறு.

ஒரு சட்டியில் இரண்டு விரற்கடை தண்ணீர் வைத்துக் கொதிக்க ஆரம்பித்ததும் தீயைக் குறைத்து, அதன் மேல் கிண்ணம். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது, ஆவி மட்டும் பட வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் நேராக அடுப்பிலேயே செய்கிறார்கள், சீக்கிரமாகவும் முடிகிறது, ஆனால் கை நின்றால் அடியில் ஆம்லெட்தான்.

இனிமேல் ஒரு பத்துப் பன்னிரண்டு நிமிடம் நகரக் கூடாது. கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், ஓரத்தையும் அடியையும் சேர்த்து. முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே நடக்காது, தண்ணியாகவே இருக்கும், மேலே நுரை மட்டும் மிதக்கும், இது சரிவராது போலிருக்கிறதே என்று தீயைக் கூட்டக் கை பரபரக்கும். கூட்டாதீர்கள். நுரை அடங்க ஆரம்பித்தால் கெட்டியாகப் போகிறது என்று அர்த்தம். வெறும் மஞ்சள் கரு 65 முதல் 70 டிகிரிக்குள் திரண்டுவிடும், சர்க்கரையும் சாறும் கலந்திருப்பதால் இங்கே அது தள்ளிப் போகிறது. தெர்மாமீட்டர் இருந்தால் 77 டிகிரி செல்சியஸில் இறக்குங்கள், 80ஐத் தாண்ட விடாதீர்கள். இல்லாவிட்டால் பழைய முறை: கரண்டியின் முதுகில் படிய வைத்து விரலால் ஒரு கோடு இழுங்கள், இரண்டு பக்கமும் வழிந்து கோடு மூடாமல் நின்றால் ஆயிற்று. அந்த நேரத்தில் அது பஜ்ஜி மாவைவிடத் தளர்வாகத்தான் இருக்கும். ஆறினால் இறுகும், ஃப்ரிட்ஜில் இன்னும் இறுகும். அடுப்பிலேயே ஜாம் பதத்தை எதிர்பார்த்து நின்றவர்கள் எல்லோரும் இனிப்பு முட்டைப் பொரியல்தான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

இறக்கியதும் உடனே வேறு கிண்ணத்துக்கு வடிகட்டுங்கள், சூடான பாத்திரத்திலேயே விட்டால் உள்ளே வெந்துகொண்டே போகும். டீ வடிகட்டி வேண்டாம், அதில் விடிந்துவிடும், கொஞ்சம் பெரிய சல்லடையாக எடுங்கள். துருவலும், ஒன்றிரண்டு வெந்த வெள்ளைக் கரு நூல்களும் மேலே தங்கிவிடும். துருவல் வாயில் தட்டுப்பட வேண்டும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் எடுத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், எனக்குப் பிடிக்காது.

எண்ணெய் சேர்க்கும் கட்டம் இப்போதுதான், வெண்ணெய் போட்டுச் செய்பவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் வருவதும் இங்கேதான். வெண்ணெயில் ஏற்கெனவே தண்ணீரும் கொழுப்பும் கலந்தே இருப்பதால் சும்மா கலக்கினாலே ஒன்றாகிவிடும். எண்ணெய் அப்படி இல்லை, மொத்தமாகக் கொட்டினால் ரசத்தின் மேல் தாளிப்பு மாதிரி மிதக்கும். கர்டை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, விரல் தாங்குகிற சூடு வந்ததும், ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு, முந்தினது மறைந்தபிறகு அடுத்தது என்று அடித்துக்கொண்டே சேர்க்க வேண்டும். மஞ்சள் கருவில் இருக்கிற லெசிதின் எண்ணெயையும் சாற்றையும் பிடித்துக் கட்டிவைக்கும், மயோனைஸ் சேர்வதும் இதே விதத்தில்தான். ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் அரை நிமிடம் ஓட்டுங்கள், பட்டு மாதிரி ஆகிவிடும், நிறமும் வெளுத்துப் பளிச்சென்று வரும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உருகும் என்பதால் எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் கட்டியாகவும், சென்னையில் பெரும்பாலும் எண்ணெயாகவும் இருக்கும், எப்படி இருந்தாலும் போடலாம்.

செய்யும்போது சொதப்பிவிட்டால் தூக்கிப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். எண்ணெய் பிரிந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் வெந்நீர் விட்டு மறுபடி பிளெண்டரில் அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். சின்னச் சின்னதாகத் திரள ஆரம்பித்ததைப் பார்த்தவுடனே குளிர்ந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை இறக்கி அடித்து வடிகட்டினால் பாதி தப்பிக்கும், முழுதாக முட்டை வாடை வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. மறுநாள் பார்த்தால் தண்ணியாகவே இருக்கிறதா, சூடு போதவில்லை. திரும்ப ஆவியில் வைத்து, மெதுவாக 77க்குக் கொண்டுபோய், மறுபடி அடித்து ஆறவிடலாம். நான் ஒரு தடவை அப்படிச் செய்திருக்கிறேன், யாருக்கும் தெரியவில்லை.

வெந்நீரில் கொதிக்கவைத்து நன்றாகக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஏடு படியாமல் இருக்க மேலே ஒட்டினாற்போல் ஒரு பேக்கிங் தாள் வட்டம் வைத்து, ஆறினபிறகு மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. புளிப்பும் சர்க்கரையும் இவ்வளவு இருக்கிறதே என்று ஊறுகாய் மாதிரி அலமாரியில் வைக்கக் கூடாது, உள்ளே முட்டை இருக்கிறது. ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம் தாங்கும், முந்தின இரவே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து உருகவிடலாம்.

முட்டையும் ஆகாதவர்களுக்கு இதே பொருள் வராது, அதன் தம்பி என்று சொல்லக்கூடிய ஒன்று வரும். கெட்டித் தேங்காய்ப் பால் 250 மில்லியில் சர்க்கரை 130 கிராம், சோள ஸ்டார்ச் 30 கிராம், நிறத்துக்கு மஞ்சள் தூள் கால் சிட்டிகை கரைத்து, கொதி வந்து நன்றாகக் கெட்டியானபின் இறக்கி, எலுமிச்சைச் சாறு 100 மில்லியைக் கடைசியில் கலக்க வேண்டும். சாற்றை முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் புளிப்பு ஸ்டார்ச்சை உடைத்து மறுபடி நீர்க்க வைத்துவிடும்.

எதோடு சாப்பிடுவது? குளூட்டன் இல்லாத கர்டைக் கோதுமை ரொட்டியில் தடவினால் பட்ட பாடெல்லாம் வீண். எங்கள் வீட்டில் ஆப்பத்தின் மொறுமொறு ஓரத்தைக் கிள்ளித் தொட்டுச் சாப்பிடுகிறார்கள், ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது, இப்போது அத்தையே கேட்டு வாங்குகிறார். "தயிர் மிச்சம் இருக்கா?" என்றுதான் கேட்பார், அது வேறு. ரவா தோசை மட்டும் வேண்டாம், ரவை கோதுமைதான். டார்ட் வேண்டுமானால் பாதாம் பொடி 150 கிராமை இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, மூன்று டேபிள்ஸ்பூன் உருக்கிய தேங்காய் எண்ணெயோடு பிசறி, அச்சில் அழுத்தி, 180 டிகிரி ஓவனில் ஓரம் சிவக்கும் வரை 12 முதல் 15 நிமிடம் வைத்தால் அடித்தட்டு தயார். முழுக்க ஆறின பிறகுதான் கர்டை நிரப்ப வேண்டும்.

பிறந்தநாளுக்கு நான் செய்தது வேறு. இரண்டு மஞ்சள் கருவைப் பிரித்தபோது இரண்டு வெள்ளைக் கரு மிச்சம் இருக்குமே, அதைத் தூக்கிப் போடாதீர்கள். எண்ணெய்ப் பசை இல்லாத கிண்ணத்தில் நுரைத்து நிற்கும் வரை அடித்து, 110 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கவிழ்த்தாலும் விழாத பதம் வந்ததும், தாளில் சின்னச் சின்னக் குவியலாக வைத்து, 110 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம். ஓவனைத் திறக்காமல் அப்படியே ஆறவிட்டால் மெரிங் மொறுமொறுவென்று வரும், பாலும் கிடையாது, மாவும் கிடையாது. இரண்டு மெரிங்குக்கு நடுவில் ஒரு ஸ்பூன் கர்ட். பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் வைக்க வேண்டும், முன்கூட்டியே வைத்தால் ஈரம் ஏறி மெரிங் பிசுபிசுத்துப் போகும். ஒரு தட்டு போதும் என்று நினைத்தேன், போதவில்லை, இரட்டிப்பு அளவில் செய்துகொள்ளுங்கள்.